கப்பல் வராத வாரத்துப் பூசணி

அத்தியாயம் 9

அன்றைக்கும் பூசணிதான்.

குணா தட்டைப் பார்த்தான். சாம்பாரில் பூசணி, கூட்டில் பூசணி, மோர்க்குழம்பில் பூசணி. ரசத்திலாவது இருக்காது என்று நம்பிக் கரண்டியை விட்டுத் துழாவினான். அடியிலிருந்து ஒரு துண்டு வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

“மேடம், நான் செத்தா போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு எழுதி வெச்சிருங்க. உள்ள என்ன இருக்கும்னு இந்த ஹேடோ ஏரியா பூராவுக்கும் தெரியும்.”

எதிரே உட்கார்ந்திருந்த விசாலாட்சி சிரிக்கவில்லை. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இப்போது மனிதர்களைத் திறந்து பார்க்கும் தொழிலுக்கு வந்தவர். போர்ட் பிளேரின் ஒரே பெண் துப்பறிவாளர். காணாமல் போன ஆடு, கண்டபடி சுற்றும் கணவன், இரண்டையும் ஒரே சிரத்தையோடு தேடுவார். குணா அவருடைய உதவியாளன். கப்பலில் சமையல்காரனாகச் சேர்வதற்காக வடக்கு அந்தமானின் திக்லிபூரிலிருந்து வந்து, முதல் பயணத்திலேயே குடல் வெளியே வர வாந்தியெடுத்து இறங்கியவன். நாக்கு மட்டும் இன்னும் சமையல்காரன் நாக்கு. அதனால்தான் இந்த அவஸ்தை.

மெஸ் முதலாளி அழகர்சாமி அப்பள வாளியோடு வந்தார். குணாவின் தட்டில் இரண்டு அப்பளம் விழுந்தது. இடது கையால்.

“அரே அண்ணே! க்யா ஹோ கயா? வலது கைக்கு லீவு குடுத்துட்டீங்களா?”

அழகர்சாமியின் முகம் சுருங்கியது. அவருடைய வலது மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு. “ஒரு வேண்டுதல் தம்பி. அதைக் கேக்காத” என்றார்.

சாப்பாட்டுக்கடைக்காரன் இடது கையால் பரிமாறுவதென்றால் அது வேண்டுதல் இல்லை, தண்டனை. குணாவுக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் அப்பளம் மொறுமொறுப்பாக இருந்ததால் விசாரணையைத் தள்ளிவைத்தான்.

விசாலாட்சி கேட்டார். “அண்ணே, மெயின்லேண்ட் கப்பல் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. பஜார்ல தக்காளியைக் கண்ணால பாக்க முடியல. வெங்காயத்தை நகைக்கடையில வெக்கலாம். உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து இவ்வளவு பூசணி?”

“மின்னி பேயில இருக்கிற சாமி அனுப்பின பிரசாதம்மா. முஃப்த், காசே கிடையாது. பக்தர்ங்க வீட்டுக்கெல்லாம் வருது.”

“முழுக் காயாவா?”

“இல்லைங்க. தோல் சீவி, துண்டு போட்டு, வாளியில. சாமியே அவர் கையால சீவுறாராம்.”

விசாலாட்சி மோர்க்குழம்பிலிருந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைச் சாப்பிட்டுவிட்டார். குணா பெருமூச்சு விட்டுக்கொண்டு சுவரிலிருந்த விலைப்பலகையைப் பார்த்தான். ‘மீன் சாப்பாடு 150’. அழகர்சாமி எழுதும் அஞ்சு எப்போதுமே தூண்டில் முள் மாதிரி இருக்கும். மீனைக் காட்டவா, வாடிக்கையாளரைப் பிடிக்கவா என்று குணா பலமுறை கேட்டிருக்கிறான். இப்போது மீனும் இல்லை. சாமிக்குக் கட்டுப்பட்டு மெஸ்ஸே சைவம்.

அப்போதுதான் ஷோபா உள்ளே வந்தாள்.

“அக்கா, கப்பல் வந்திருச்சு.”

அந்தச் சேதிக்காக ஊரே காத்துக்கிடந்தது. அவள் அதை எழவுச் செய்தி மாதிரி சொன்னாள்.

இந்த வழக்கே ஷோபாவுடையதுதான். அவள் கணவர் தம்பையா துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றுக் குழுவில் வேலை பார்க்கிறவர். அரசு உத்தியோகம், ஹேடோவில் குவார்ட்டர்ஸ், இரண்டு பெண் குழந்தைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம். இந்தத் தீவில் இதற்கு மேல் சொர்க்கம் கிடையாது. அந்தச் சொர்க்கத்தை இன்று சாயங்காலம் ராஜினாமா செய்யப் போகிறார் தம்பையா. மின்னி பே சாமிக்குச் செயலாளராக அதே கப்பலில் சென்னைக்குப் போகிறார்.

“இந்த மாசமே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க அக்கா. புள்ளைங்களை வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? அழுதுட்டேன், சண்டை போட்டுட்டேன், பட்டினி கிடந்துட்டேன். எதுக்கும் மசியல. எதைக் கேட்டாலும் வலது கையைத் தூக்கிக் காட்டுறாரு. ‘இது யார் கைன்னு உனக்குத் தெரியாதுடி’ன்னு சொல்றாரு. பதினாலு வருஷமா அந்தக் கைக்குத் தேங்காண்ணெய் தேச்சு விட்டவ நானு. எனக்குத் தெரியாதாம்!”

“லெட்டரைக் குடுத்துட்டாரா?”

“சட்டைப்பையில வெச்சிருக்காரு. கப்பல் கிளம்பும்போது துறைமுக ஜெட்டியில சூப்பர்வைசர்கிட்ட குடுப்பாராம். அதுக்கு நல்ல நேரம் குறிச்சுக் குடுத்திருக்காரு சாமி.”

விசாலாட்சி கையைக் கழுவினார். “குணா, எழுந்திரு. மின்னி பே போறோம்.”

“அங்கயும் பூசணிதான் போடுவாங்க மேடம்.”

“அதைத்தான் பாக்கப் போறோம்.”

*

சாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் பக்தவத்சலம். முன்பு கட்டட ஒப்பந்தக்காரர். அவர் கட்டிய சுவர்கள் மழைக்கு நிற்காததால் மனிதர்களைக் கட்டிப்போடும் வேலைக்கு மாறினார்.

இந்தத் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி. ஆனால் மீதி ஐநூற்று நாற்பத்திரண்டைப் பற்றிய கவலை இங்கே டீக்கடைக்கு டீக்கடை கொதிக்கும். இந்தத் தேர்தலில் தீவுக்கு முதல் கட்டத்திலேயே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. பிறகு ஒன்றரை மாதம் விரல் மையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்கும் ஊரில்தான் சாமியார்கள் முளைப்பார்கள்.

ஏணிக் கட்சி எத்தனை சீட் பிடிக்கும்? டிவியில் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். பக்தவத்சலம் எண்ணே சொல்லவில்லை. “என் பதில் கொடியில காய்ச்சிக்கிட்டிருக்கு. ஓட்டு எண்ணுற அன்னைக்குப் பறிப்பேன்” என்றார். எண்ணி முடித்த அன்று மாலை, பந்தலிலிருந்து ஒரு வெள்ளைப் பூசணியைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்தார். அதன் தோலில் தழும்பாக விளைந்திருந்தது: 263. ஏணிக் கட்சி பிடித்ததும் அதே 263.

பிஞ்சில் நகத்தால் கீறினால்தான் அப்படித் தழும்பு காயோடு சேர்ந்து வளரும், முற்றிய காயில் கீறினால் வராது. தோட்டம் போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே எண் ஒன்றரை மாதத்துக்கு முந்தியது. ஆகவே அது தெய்வ வாக்கு. டிவிக்காரர்கள் எல்லாரும் கோட்டை விட்டிருந்தார்கள். எப்படிக் கோட்டை விட்டோம் என்பதை அதே ஆட்கள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே உட்கார வைக்கத்தான் சென்னையிலிருந்து ஒரு சேனல் பூசணியையும் சாமியையும் அழைத்திருந்தது. விமானத்தில் பூசணிக்கு ஜன்னலோர சீட் தர மறுத்துவிட்டதால் கப்பல்.

ஆட்டோக்காரர் வெள்ளைச்சாமி மின்னி பேயில் இறக்கிவிட்டார். குணா பணத்தை நீட்ட, இடது கையால் வாங்கினார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“மேடம், ஊர்ல திடீர்னு எல்லாரும் இடதுகைக்காரங்க ஆயிட்டாங்களா?”

“நல்ல கேள்வி. பத்திரமா வெச்சுக்க” என்றார் விசாலாட்சி.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு விரித்து 263 வீற்றிருந்தது. அதற்கென்று ஒரு மின்விசிறி. பக்கத்தில் சாமி. அவருக்குப் பின்னால் தம்பையா நின்றார். அவருடைய மணிக்கட்டில் மட்டும் சிவப்புக் கயிறு, வலது கை முழுவதையும் சுற்றிப் பட்டுத்துணி. குணாவைத் தெரிந்த பாவனையே அந்த முகத்தில் இல்லை. போன மாதம்வரை கேரம்போர்டில் குணாவிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்.

“வாங்கம்மா” என்றார் சாமி. “ஷோபா அனுப்பிச்சாளா? பாவம், சம்சாரி. பெரிய காரியம் அவளுக்குப் புரியாது.”

“எனக்கும் புரியலை சாமி. கத்துக்கலாம்னு வந்தேன். பந்தலைப் பாக்கலாமா?”

பின்பக்கம் பந்தல் காலியாக இருந்தது. கொடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கொத்திப் புரட்டியிருந்தார்கள்.

“தெய்வ வாக்கு விளைஞ்ச இடம். அடுத்தவன் கால் படக்கூடாது இல்லையா?” என்றார் சாமி.

“நல்ல பெரிய பந்தல் சாமி. ஒரு வாக்குக்கு இவ்வளவு இடமா?” என்றான் குணா.

சாமி அவனைக் கொசுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விசாலாட்சி அவர் உள்ளங்கையைப் பார்த்தார். பெருவிரலடியில் வரிசையாகக் கொப்புளங்கள்.

“கையில என்ன சாமி?”

“தவம்.”

“காய் சீவுறது கூட தவந்தான்” என்று விசாலாட்சி கும்பிட்டுக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும் குணா பொருமினான். “தெரியுது மேடம். டிவிக்காரனுங்க எல்லாரும் 240க்கும் 280க்கும் நடுவுல சுத்துனாங்க. இந்த ஆளு நடுவுல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் பிஞ்சுக்கு ஒண்ணாக் கீறிட்டு, சரியான ஒண்ணை மட்டும் தலையில தூக்கிட்டு வந்துட்டான். கப்பல் வராத வாரத்துல காயைச் சும்மா குடுக்குறவன் ஒண்ணு தர்மப்பிரபு, இல்ல திருடன்.”

“தர்மப்பிரபுவா இருந்தா தோலோட குடுத்திருப்பான்.”

“மிச்ச நம்பரெல்லாம் என் வயித்துல இருக்கு. நான்தான் சாட்சி. என்னை எக்ஸ்ரே எடுத்தா போதும்.”

“சீவின தோலை ஆடு தின்னிருக்கும். சீவாத ஒண்ணு வேணும் குணா. ஒண்ணே ஒண்ணு.” விசாலாட்சி நின்றார். “நீ மேல பாக்க மாட்டியா?”

குணா மேலே பார்த்தான். பக்தர்கள் குவிகிறார்களே என்று சாமி புதிதாக ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். சாரத்துக்கு முன்னால், தெருவைப் பார்த்து, திருஷ்டிப் பூசணி ஒன்று தொங்கியது. முட்டைக் கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளிய நாக்கு. தோல் வெள்ளை கொஞ்சமும் தெரியாமல் கறுப்பு எனாமல் பெயிண்டைக் கனமாக அடித்து, அதன்மேல் வரைந்த பூதம்.

“திருஷ்டிக்குத் தோல் சீவின காயைக் கட்ட முடியாது. துண்டு போட்டும் கட்ட முடியாது” என்றார் விசாலாட்சி. “பஜார்ல காய் இல்லை, கப்பல் வரலை. பேர் கிடைச்ச மறுநாளே ஊர்க்கண்ணு பட்டுருமேன்னு பயம் வந்திருச்சு. தன் காயிலயே ஒண்ணுக்குக் கறுப்பு அடிச்சுக் கட்டிட்டான். அந்த ஆளுக்குத் தெய்வ வாக்குல நம்பிக்கை கிடையாது குணா. கண்ணேறுல உண்டு. நாம எல்லாரும் அப்படித்தான்.”

“ஏறவா?”

“ஏறிட்டே கேக்குறியா?”

சாரத்தில் பாதி வழியில் பூதமும் குணாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பூதத்தின் நெற்றியில் எனாமலுக்கு அடியில் ஏதோ சுருக்கம்போல மேடு தட்டியது. கவலைப்படும் பூதத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். கயிற்றை அறுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி, மாசமான பெண்ணைப் போல ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான்.

*

ஹேடோ ஜெட்டியில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். ஒரு பக்கம் கப்பலிலிருந்து தக்காளியும் வெங்காயமும் இறங்க, மறு பக்கம் பக்தர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாமியோடு சென்னைக்குப் போகிறவர்களே இருபது பேருக்கு மேல். ஏணிக் கட்சியின் வட்டச் செயலாளர் மாலையோடு நின்றார். அழகர்சாமி பயணிகளுக்குப் பொட்டலச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். ஷோபா பெண்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தம்பையா அவள் இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

சாமி ஏணிப்படியில் கால் வைத்தார். விசாலாட்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். கையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் டின், கந்தல் துணி. பின்னால் குணா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“ஒரு நிமிஷம் சாமி! உங்க வீட்டுத் திருஷ்டியை மறந்துட்டுப் போறீங்களே.”

குணா பூதத்தை வெளியே எடுத்து ஒரு மீன்பெட்டியின் மேல் வைத்தான். விசாலாட்சி துணியைத் தின்னரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கண் போயிற்று. மீசை போயிற்று. நெற்றிக் கவலை மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அது எண்ணாகியது.

251.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குணா இந்தக் கணத்துக்காகத்தான் ஒரு வாரம் பூசணி தின்றான். நெஞ்சை நிமிர்த்தி, “பாத்துக்கங்க ஜனங்களே! ஒரு பந்தல் பூசணி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர்! இவர் கணிக்கல, கூறு கட்டியிருக்காரு!” என்று கூவினான்.

சாமி ஒரு நொடிதான் வெளுத்தார். பிறகு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார்.

“பக்த கோடிகளே! மறைச்சு வெச்சிருந்த ரகசியத்தை இந்த அம்மா அவசரப்பட்டு வெளிய கொண்டாந்துட்டாங்க. 263 இந்த எலெக்ஷன். 251 அடுத்த எலெக்ஷன்!”

விசில் பறந்தது. யாரோ சங்கு ஊதினார்கள். வட்டச் செயலாளர் மாலையோடு சாமி காலில் விழுந்தார். “சாமி, பன்னெண்டு சீட் குறையுதே! ஏதாவது பரிகாரம் சொல்லுங்க சாமி!”

குணாவின் நெஞ்சு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. “போச்சு மேடம். ஆதாரத்தோட மாட்டினதுக்கு ஒரு எலெக்ஷன் போனஸா வாங்கிட்டான். சல், வீட்டுக்குப் போலாம். இந்த ஜனங்களை ஆண்டவனே வந்தாலும்...”

“நான் ஜனங்களுக்காக வரல” என்றார் விசாலாட்சி. பூசணியைத் தூக்கிக்கொண்டு நேராக அழகர்சாமியிடம் போனார். “அண்ணே, நல்லாப் பாருங்க. இது யாரோட அஞ்சு?”

குணா அப்போதுதான் பார்த்தான். நடுவிலிருந்த அஞ்சு, தூண்டில் முள். தினமும் சாப்பிடும்போது சுவரில் பார்க்கிற அதே முள்.

அழகர்சாமியின் கையிலிருந்த பொட்டலங்கள் சரிந்தன. மனிதர் பெருங்குரலில் அழுதார்.

“என் பாவிக் கைதான்மா! ஓட்டுப்பதிவு முடிஞ்ச வாரம் சாமி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. நீதான் தேர்ந்தெடுத்த ஆள்னாரு. செம்புக்குள்ள கையை விட்டு வெத்தலை ஒண்ணை எடுக்கச் சொன்னாரு. அதுல இருந்த நம்பரை என் நகத்தாலதான் பிஞ்சுல கீறுனேன். ரிசல்ட்டு வந்துச்சு, தப்பாப் போச்சு. ‘உன் ஒருத்தன் கைதான் அசுத்தம், நல்லவேளை இன்னொரு புண்ணியவான் கை நம்ம மானத்தைக் காப்பாத்துச்சு. வெளிய சொன்னா உன் வம்சத்துக்கு ஆகாது’ன்னாரு. வலது கையால யாருக்கும் குடுக்காத, வாங்காதன்னு கயிறு கட்டி விட்டாரு...”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கீச்சென்று கேட்டது. ஆட்டோக்கார வெள்ளைச்சாமி.

“அண்ணே... உமக்குமா? எனக்கு 258!”

சங்கு பாதியில் நின்றது.

“மஞ்சக் கயிறு கட்டினவங்க எல்லாரும் வலது கையைத் தூக்குங்க” என்றார் விசாலாட்சி.

முதலில் மூன்று கைகள். பிறகு பத்து. பிறகு ஜெட்டி முழுக்க, கப்பலின் மேல்தட்டு முழுக்க, மஞ்சள் கயிறு கட்டிய வலது கைகள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே பாவி என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரமாக மனைவியிடம்கூடச் சொல்லாமல், அவமானத்தில் குமைந்துகொண்டு, தன் தோல்வியைத் தானே மோர்க்குழம்பாகத் தின்றவர்கள். வட்டச் செயலாளர் மெதுவாகச் சட்டைக்கையை மேலே சுருட்டினார். அங்கேயும் மஞ்சள் கயிறு. அவருடையது 279. வெற்றிலைக்கும் ஏதோ ஆசை.

குணாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு சுலபம்! ஏமாந்தவன் என்றைக்காவது வாயைத் திறப்பான். தப்பு தன்மேல்தான் என்று நம்பியவன் கட்டையில் போகிறவரைக்கும் திறக்க மாட்டான். சாமி கீறியது பூசணியில் இல்லை.

தம்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டுத்துணி பாதி அவிழ்ந்து தொங்கியது. குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

“அப்ப என் கை? நான்தானே 263 கீறுனேன்?”

“கீறினது நீங்கதான்” என்றார் விசாலாட்சி. “இத்தனை பேர்ல யாராவது ஒருத்தர் கையில அது விழுந்துதான் ஆகணும். உங்க கையில விழுந்துச்சு. இவங்க கை எதுவும் அசுத்தமில்லை தம்பையா. உங்க கை தெய்வமும் இல்லை. நல்லா வேலை செய்யிற கை, அவ்வளவுதான்.”

தம்பையா தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தெய்வமாக இருந்துவிட்டு மனிதனாக இறங்குவது சாதாரணமா?

சாமி படியிலிருந்து இறங்கப் பார்த்தார். கீழே மஞ்சள் கயிறுகள். மேலே ஏறப் பார்த்தார். மேலேயும் மஞ்சள் கயிறுகள். கீழேயிருந்தவர்கள் அவருடைய பெட்டியையும் கண்ணாடிக்கூண்டையும் ரொம்ப மரியாதையாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். “வாங்க சாமி. மேல போய் நிதானமாப் பேசலாம். சென்னைக்கு மூணு நாள் இருக்கு.”

“அம்மா!” என்று அலறினார் பக்தவத்சலம். “போலீசைக் கூப்பிடுங்கம்மா! நான் மோசக்காரன், ஒத்துக்கறேன்! என்னை அரெஸ்ட் பண்ணச் சொல்லுங்க!”

“ஷோபா என்கிட்ட கேட்டது அவங்க வீட்டுக்காரரை இறக்கணும்னுதான். உங்களை இறக்கணும்னு யாரும் கேக்கலையே சாமி?”

குணாவுக்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது. வாயைக் குவித்துக் கத்தினான். “சாமி! நடுக்கடல்ல டவரும் கிடையாது, ஓடவும் முடியாது. சென்னையில எத்தனை பல்லோட இறங்குவீங்க? உத்தேசமா ஒரு நம்பர் சொல்லிட்டுப் போங்க!”

பதில் வருவதற்குள் படியைத் தூக்கிவிட்டார்கள். கப்பல் ஊதியது.

சூப்பர்வைசர் ஜெட்டி முனையிலிருந்து கையை ஆட்டினார். “கயித்துக்கு ஒரு ஆள் குறையுது! அரே தம்பையா, நீ இருக்கியா போறியா? ஜல்தி போல், சீக்கிரம் சொல்லு!”

தம்பையா சட்டைப்பையில் கைவிட்டு ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார்.

அவர் சூப்பர்வைசர் இருக்கும் திசையில் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து கடிதத்தை ஷோபாவின் கையில் திணித்தார். பட்டுத்துணியை உருவிக் கடலில் எறிந்துவிட்டு ஜெட்டி முனைக்கு ஓடினார். இரும்புக் குற்றியில் மாட்டியிருந்த கயிற்று வளையத்தைத் தூக்கிக் கழற்றி, தண்ணீரில் தொப்பென்று போட்டார். பக்தவத்சலத்தைச் சுமந்துகொண்டு கப்பல் கரையைவிட்டு விலகியது. மேல்தட்டில் மஞ்சள் கயிறுகள் வட்டமாகக் கூடிக்கொண்டிருந்தன.

மீன்பெட்டியின் மேல் 251 தனியாக உட்கார்ந்திருந்தது. அழகர்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தட்டிப் பார்த்தார். “நல்ல முத்தல். நாளைக்குக் கூட்டுக்கு...”

குணா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, கப்பல் போன திசையில் முழு பலத்தோடு கடலில் வீசினான்.

தம்பையா வியர்வையோடு திரும்பி வந்து ஷோபாவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சின்னவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஷோபா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சிவப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது இனி அவளிடம்தான் இருக்கும் என்பது தம்பையாவுக்குப் புரிந்தது.

“தக்காளி இறக்கிட்டாங்க. தீந்துரும்” என்று காய்கறிப் பையை நீட்டினாள்.

தம்பையா அதை வலது கையால் வாங்கிக்கொண்டார்.